வாசகர் கேள்வி பதில்: பாலைப்பழத்துக்கு எப்போது திருவிழா?

கேள்வி: காரைக்கால் மாங்கனித் திருவிழா வீடியோ பார்த்தேன். மாடியில் நின்றெல்லாம் மாம்பழத்தை வாரி வீசுகிறார்கள். இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிக் காட்டில் பழுக்கிற சின்ன மஞ்சள் பாலைப்பழத்துக்கு ஏன் அப்படி ஒரு விழா இல்லை?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, அது விளைச்சலுக்கு எடுக்கிற விழா இல்லை. கணவன் கொடுத்தனுப்பின இரண்டு மாம்பழத்தில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிட்டு, கணவன் மற்றதையும் கேட்டபோது திகைத்து நின்றாளே புனிதவதி, அந்தக் காரைக்கால் அம்மையாரின் கதைக்கு ஆனிப் பௌர்ணமியை ஒட்டி எடுக்கிற விழா. பிச்சை ஏற்கிற கோலத்துச் சிவனான பிச்சாண்டவர் வீதியுலா வரும்போதுதான் பழம் வீசுவார்கள். மாம்பழத்தை வீசலாம், பிடிக்கலாம். பாலைப்பழத்தை வீசிப் பாருங்கள், பிடிக்கிறவர் கையில் பிசின்தான் மிஞ்சும்.

பகிடி கிடக்கட்டும். மாமரத்துக்குச் சொந்தக்காரன் இருக்கிறான், தண்ணீர் விட்டவன், காவல் இருந்தவன். பாலையை யாரும் நடவில்லை, அது காட்டின் சொத்து. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற நாட்களில் பழம் தொடங்கிவிடும், யூலை 2ஆம் திகதி மடு மாதா கோயில் திருவிழாவுக்குச் சனம் போகும்போதும் வீதியோரம் சின்னச் சின்னக் குவியலாக மஞ்சள் தெரியும், பேணியால் அளந்து ஒருவர் தருவார், வாங்கி வாகனத்துக்குள்ளேயே தின்று முடித்துவிட்டு உதடு ஒட்டுகிறது என்று சிரிப்போம். என்னைக் கேட்டால் அதுவே விழாதான். மேடை, பொன்னாடை, பிரதம விருந்தினர் ஒன்றும் இல்லாத விழா.

கேள்வி: அப்படியென்றால் பிரதேச மட்டத்தில் ஒரு பழவிழா வைத்தால் விற்கிறவர்களுக்கு நாலு காசு வருமே?
- வாசகர், மாங்குளம்

பதில்: வரும். எனக்குப் பயம் மரத்தை நினைத்துத்தான். இப்போதே சிலர் ஏறிப் பறிக்கப் பஞ்சிப்பட்டு முழுக் கொப்பையும் வெட்டி விழுத்தி, கீழே இருந்து ஆறுதலாக ஆய்கிறார்கள். பாலை மிக மெதுவாக வளர்கிற மரம். வைரம் பாய்ந்த மரம் என்பதால் ஒரு காலத்தில் ரயில் தண்டவாளத்துக்குக் கீழே சிலிப்பர் கட்டையாகவும் போட்டார்கள், வீட்டுக்குத் தூணாகவும் நட்டார்கள். அப்படிப்பட்ட மரத்தின் கொப்பை ஒரு வாளிப் பழத்துக்காக வெட்டினால் அது திரும்ப அந்த அளவுக்கு வர எத்தனை வருஷம்? விழா என்று அறிவித்தால் வெளியூர் வியாபாரியும் வாகனத்தோடு வருவான், ஒரு வாளி பத்தாகும். பழமோ ஒன்றிரண்டு நாளில் புளித்துவிடும், மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும்.

வைக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு நிபந்தனையோடு வையுங்கள்: கீழே படங்கை விரித்து உலுப்பி எடுத்த பழம் மட்டும்தான் விற்கலாம், கத்தி கோடரி கூடாது. மிஞ்சுவதை வெயிலில் காயவைத்து வற்றலாக விற்கலாம்.

கேள்வி: வீட்டு வளவில் பாலை வளர்க்கலாமா?
- வாசகர், பரந்தன்

பதில்: தாராளமாக. பேரப்பிள்ளைக்கு என்று நினைத்து நடுங்கள், உங்களுக்கு என்று நடவேண்டாம். உங்களுக்குச் சப்போட்டா நடுங்கள். இரண்டும் ஒரே குடும்பம், பாலும் இனிப்பும் அதனால்தான் ஒத்துப்போகிறது. இந்தியாவில் சப்போட்டா ஒட்டுக்கன்றுக்கு அடிக்கட்டையே பாலைக் கன்றுதான்.

கேள்வி: லீவுக்குக் கனடாவிலிருந்து பிள்ளைகளோடு வருகிறோம். காட்டுக்குள் போய்ப் பறித்துத் தின்னலாமா?
- வாசகி, முன்பு முள்ளியவளை

பதில்: வீதியோரத்தில் வாங்கித் தின்னுங்கள். பாலைப்பழக் காலம் கரடிக்கும் விருந்துக் காலம், மரத்திலேயே ஏறி இருக்கும், நிமிர்ந்து பார்க்காமல் கீழே போய் நின்றால் தெரியும் கதை. மண்டையோட்டுப் பலகை போட்ட பக்கம் எட்டியும் பார்க்கவேண்டாம், கண்ணிவெடி இன்னும் எடுத்து முடியவில்லை. உதட்டுப் பிசினுக்குப் பலாப்பழத்துக்குச் செய்கிற மாதிரித் துளி தேங்காயெண்ணெய் தடவுங்கள். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையை மட்டும் அன்றைக்குப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.