மனசுல உள்ளத கேளுங்க: “நீ மட்டும் என்ன பெரிய பரிசுத்தவானா?”

கேள்வி: அக்கா, எனக்கு ஊரு கருங்கல் பக்கம், பெங்களூர்ல ஐடி கம்பெனியில இருக்கேன். டீம் அவுட்டிங் போனா எல்லாரும் குடிப்பாங்க, நான் மட்டும் லெமன் சோடா வச்சிட்டு உக்காந்திருப்பேன். “சர்ச் பொண்ணு வந்தாச்சு, எல்லாரும் அடக்கி வாசிங்கப்பா”ன்னு எங்க லீடே கிண்டல் பண்றாரு. ஒருத்தி “நீ மட்டும் என்ன பெரிய பரிசுத்தவானா”ன்னு மூஞ்சிக்கு நேரயே கேட்டுட்டா. இனிமே போகவே வேண்டாம்னு தோணுது.

பதில்: போ மக்களே, போகாம இருக்காத. போகலன்னா உன்ன பத்தி அவங்களே ஒரு கதை கட்டிருவாங்க.

தானியேல் கதைய சண்டே ஸ்கூல்ல சிங்கக் கெபியோட நிறுத்திருவாங்க, எனக்கு முதல் அதிகாரந்தான் பிடிக்கும். பாபிலோன்ல அவனுக்கு பேர மாத்துறாங்க, பெல்தெஷாத்சார்னு, சரின்னு இருக்கான். கல்தேயர் பாஷைய படிக்க சொல்றாங்க, படிக்கான். ராஜா சாப்பாடு, ராஜா குடிக்கிற திராட்சரசம், அந்த ஒரு இடத்துலதான் முடியாதுங்கான், அதுவும் கெஞ்சி கேக்கான். பெரிய அதிகாரி பயந்து தயங்குனதும் சண்ட போடல, கீழ உள்ள ஆள்ட்ட போயி பத்து நாள் பருப்பும் தண்ணியும் குடுத்து பாருங்கன்னு ஒரு வழி சொல்றான். எல்லாத்துக்கும் முறுக்கிக்கிட்டு நின்னிருந்தா அந்த ஒரு விஷயத்தையும் யாரும் மதிச்சிருக்க மாட்டாங்க.

நீயும் அப்படித்தான், குடிக்க மாட்டேன், அவ்வளவுதான். ஏன் குடிக்கலன்னு யாராவது கேட்டா ஒரு வரியில சொல்லிட்டு அடுத்த பேச்சுக்கு போயிரு, அங்க உக்காந்து பிரசங்கம் பண்ணாத, குடிக்கிறவங்கள பாத்து மூஞ்ச சுளிக்காத. பாட்டு பாடு, கேம் விளையாடு, ராத்திரி தள்ளாடுற பிள்ளைய ரூம்ல கொண்டு விடு. பரிசுத்தவானான்னு கேட்டவட்ட “இல்ல, அதனாலதான் ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு போறேன்”னு சிரிச்சிட்டே சொல்லு. அந்த லீடு கிண்டல அப்ரைசல் வரைக்கும் கொண்டு வந்தாருன்னா அது வேற விஷயம், தேதி போட்டு எழுதி வச்சிட்டு ஹெச்ஆர்ட்ட போ.

கேள்வி: எனக்கு 28 வயசு, குழித்துறை பக்கம், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். வரதட்சணை வாங்க கூடாதுன்னு காலேஜ் படிக்கும்போதே மனசுல முடிவு பண்ணுனேன். இப்ப பொண்ணு பாத்து எல்லாம் பிடிச்சு போச்சு, தரகர் எழுவது பவுனும் ஒரு காரும்னு பேசி வச்சிருக்காரு. வேண்டாம்னு சொன்னா அம்மா அழுவுறாங்க, “உனக்கு என்னமோ குறை இருக்குன்னு ஊரு பேசும்”ங்காங்க. தங்கச்சிக்கு அம்பது பவுன் போட்டு அனுப்புன கடன் வேற நிக்கி. எங்க கோயில் பங்குல (சபையில) பெரிய மனுஷன் ஒருத்தர் “அவங்க மகளுக்கு அவங்க ஆசப்பட்டு போடுறாங்க, இதுல என்ன பாவம்”ங்காரு. என்ன செய்யட்டும் அக்கா? (பேரு போடாதீங்க)

பதில்: தம்பி, எனக்கு வர்ற கடிதங்கள்ல பாதி, சாமி கும்பிடாதவங்க கிண்டல் பண்றாங்கன்னு வரும். ஆனா தூக்கத்த கெடுக்கிற அழுத்தம் நம்ம ஊர்ல வெளிய இருந்து வர்றதில்ல, இப்படி நம்ம வீட்டு திண்ணையில இருந்தும் கோயில் முற்றத்துல இருந்தும்தான் வருது. ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்கு நாம நேர்ச்சை வச்சு போறோம். அரண்மனை உத்தியோகம், சாதி, சொந்தக்காரங்க எல்லாம் போனாலும் பரவால்லன்னு கிறிஸ்தவரா மாறி நின்ன தேவசகாயத்த 1752ல அங்கதான் சுட்டு கொன்னாங்க, 2022ல ரோமாபுரியில புனிதர் பட்டம் குடுத்தப்ப நம்ம கன்னியாகுமரி ஜில்லாவே வெடி போட்டு கொண்டாடுச்சு. அவருக்கு மாலை போடுற அதே கைதான் பத்து பவுன் கூட வேணும்னு தரகருக்கு போன் போடுது. எனக்கு இத நினச்சா ஆத்திரந்தான் வரும், சரி விடு, உன் விஷயத்துக்கு வர்றேன்.

“ஆசப்பட்டு போடுறாங்க”ங்கறத முதல்ல எடுப்போம். ஆசப்பட்டு போடுறவங்ககிட்ட தரகர் எதுக்கு எழுவதுன்னு நம்பர் பேசுறாரு? கேட்டு வாங்குறது 1961 வரதட்சணை தடுப்பு சட்டப்படி குற்றம், குடுத்தாலும் வாங்குனாலும் குறைஞ்சது 5 வருஷம் ஜெயில்னு இருக்கு. யாரும் கேக்காம தன் வசதிக்கு ஏத்த மாதிரி போடுற அன்பளிப்ப அந்த சட்டம் தடுக்கல, ஆனா அதுக்கு லிஸ்ட் எழுதி வைக்கணும். அந்த பெரிய மனுஷன்ட்ட லிஸ்டுல கையெழுத்து போடுறியளான்னு கேட்டு பாரு.

அடுத்தது, “சொத்துல பங்குக்கு பதிலாத்தான் நகை”ன்னு ஒண்ணு சொல்லுவாங்க. நம்ம ஜில்லா முன்னாடி திருவிதாங்கூர்லதான இருந்துச்சு, அங்க 1916ல வந்த கிறிஸ்தவ வாரிசு சட்டத்துல மகனுக்கு கிடைக்கிறதுல கால் பங்கு, இல்லன்னா 5,000 ரூபா, ரெண்டுல எது குறைவோ அதான் மகளுக்கு, அதுக்கு பேரே ஸ்திரீதனம். அந்த புத்தி இன்னும் போகல. ஆனா சட்டம் எப்பவோ போயிட்டு, மேரி ராய்ங்கற அம்மா போட்ட கேஸ்ல 1986ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னதுக்கு அப்புறம் உயில் எழுதாம அப்பா கண்ண மூடுனா மகனும் மகளும் சமம். அதனால அந்த பொண்ணுக்கு அவ அப்பா வீட்டுல உள்ள பங்கு அவளுக்கு, உனக்கோ உங்க அம்மாவுக்கோ இல்ல.

பைபிள்லயே சீதனம் இருக்கேம்பாங்க. யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் ஆடு மேய்ச்சான், அங்க பாடுபட்டது மாப்பிள்ள. காலேப்போட மக அக்சாள் அப்பாட்ட நீரூற்று கேட்டா, குடுத்தாரு, அது அவளுக்கு கிடைச்சுது.

இப்ப உன் வீட்டு முடிச்சு எங்க இருக்குன்னா, அம்மா அழுறதுல இல்ல, தங்கச்சி கடன்ல இருக்கு. மகனுக்கு வர்றத வச்சு மகளுக்கு போட்டத அடைக்கலாம்னு அவங்க மனசுல கணக்கு போட்டாச்சு. அத சொல்லாம நீ கொள்கை பேசுனா அவங்களுக்கு உரைக்காது. அப்பாவ தனியா கூட்டிட்டு போயி எவ்வளவு கடன், எங்க வட்டி, எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி, என் சம்பளத்துல மாசம் இவ்வளவு கட்டுறேன், இத்தன வருஷத்துல முடியும்னு காட்டு. கையில கணக்க பாத்தாருன்னா பாதி சண்ட அங்கயே முடிஞ்சிரும். அப்புறம் தரகர் மூலமா இல்லாம நீயே பொண்ணுட்டயும் அவ அப்பாட்டயும் நேரா பேசு, கோயில்ல கல்யாண ஓலை (அறிவிப்பு) வாசிக்கிறதுக்கு முன்னாடியே பேசு. சிலர் பயந்துருவாங்க, பையனுக்கு ஏதோ வியாதி போலன்னு நினைப்பாங்க, அதுக்கு மெடிக்கல் ரிப்போர்ட்டும் சேத்து குடு, தப்பில்ல.

இன்னொண்ணு. வரதட்சணை வாங்கலன்னு பெருமையா சொல்லிட்டு ஆயிரம் பேருக்கு பொண்ணு வீட்டு செலவுல பிரியாணி, அதுக்கு பிறகு பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ள வீட்டுக்கு வர்ற அடுக்களை காணலுக்கு கட்டில் பீரோ ஃப்ரிட்ஜ் வாஷிங் மெஷின்னு லாரியில வந்து இறங்குனா அது வேற பேர்ல அதே சமாச்சாரந்தான். செலவ ரெண்டு வீடும் பாதி பாதின்னு முதல்லயே பேசிரு. அம்மா கொஞ்ச நாள் மூஞ்ச தூக்கி வச்சிருப்பாங்க. வச்சிருக்கட்டும், நீ மரியாத குறையாம பேசு, மருமக வந்து ஒரு மீன்கறி வச்சு குடுத்தா தன்னால இறங்கிருவாங்க.

கேள்வி: சுசீந்திரம் மார்கழி தேருக்கு ஃப்ரெண்டு வீட்டுக்கு கூப்பிட்டாங்க. அவங்க அம்மா பிரசாதம் தந்தா வாங்கலாமா கூடாதா? எங்க ஜெபக்குழுவுல ஒருத்தர் போறதே தப்புங்காரு.

பதில்: கூப்பிட்ட வீட்டுக்கு போயி வயிறார சாப்பிடு. பவுலே கொரிந்தியருக்கு, நம்பிக்கை இல்லாதவங்க விருந்துக்கு கூப்பிட்டா வச்சத கேள்வி கேக்காம சாப்பிடுங்கன்னுதான் எழுதுறாரு, இது படைச்சதுன்னு ஒருத்தர் எடுத்து சொன்னா மட்டும் அவருக்காக வேண்டாம்ங்காரு. அதனால பிரசாதம்னு தெரிஞ்சு உனக்கு மனசு ஒப்பலன்னா “மன்னிச்சுக்கோங்கம்மா, எங்க பழக்கம் இல்ல”ன்னு கை கூப்பி மெதுவா சொல்லு, அந்த அம்மாவுக்கு புரியும், அவங்க வீட்டுலயும் விரத நாள்ல நம்ம இறைச்சி குழம்ப வேண்டாம்னு சொல்றவங்கதான. வாங்கிட்டு வந்து ரோட்டுல போடுறது மட்டும் செய்யாத.

கேள்வி: டிஎன்பிஎஸ்சி கோச்சிங் ஞாயித்துக்கிழம காலையிலதான் வைக்காங்க. ஆராதனைக்கு போக முடியல, குற்ற உணர்ச்சியா இருக்கு.

பதில்: ஆர்.சி.ன்னா சனிக்கிழம சாயங்கால பூசையே ஞாயிறு கடனுக்கு செல்லும். சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை)ன்னா உங்க அய்யர்ட்ட (போதகர்ட்ட) சொல்லு, பல சேகரத்துல (சபை வட்டாரத்துல) விடியக்காலமே ஒரு ஆராதனை இருக்கு, அஞ்சு மணிக்கு எழும்புனா போதும். பரீட்சை முடியுற வரைக்கும் பாடகர் குழு, வாலிபர் சங்க பொறுப்பு எல்லாம் வேற யாருக்காவது மாத்தி விடு.