ஏற்காட்டுல எர்த் பைப் துரு: காப்பரும் ஜிஐயும் ஒத்துக்காது

சார், ரெண்டே மழைல காப்பர் கம்பி பச்சை பூத்து, அது சுத்துன எடத்துல ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) எர்த் பைப் துருவேறிடுச்சுன்னு கேட்டிருக்கீங்க, பைப் மேல தப்பில்லைங்க, ரெண்டையும் நேரா சேத்ததுதான் வினை, நம்ம ஏற்காட்டு மூடுபனில ஈரம் லேசுல காயாதே, அந்த ஈரத்துல பேட்டரி மாதிரி ஆகி மொதல்ல துத்தநாகப் பூச்சைத் தின்னும், அப்புறம் இரும்பு. அந்த பைப்புக்குப் பதிலா காப்பர் பூசுன ராடும் வெண்கல கிளாம்பும் போடுங்க. எர்த் கம்பிய உங்க டவரோட ஜிஐ கால்ல சேக்குறப்ப மட்டும் வெள்ளீயம் பூசுன லக் (கம்பி முனைல மாட்டுற துண்டு), நடுவுல ஸ்டெயின்லெஸ் வாஷர், தரைக்கு மேலயே ஜாயின்ட். காப்பர்ல பட்ட தண்ணி ஜிஐ மேல வடியவே கூடாது. அலுமினியத்த மண்ணுல புதைக்காதீங்க. எர்த் குழில உப்பு கொட்டுறதும் வேண்டாம் (நானும் கொட்டுனவன்தான்), பென்டோனைட் களிமண் போதும். பாறை தடுத்தா ராடை ரெண்டு மூணு எடத்துல தள்ளித்தள்ளி அடிச்சு காப்பர் பட்டையால இணைங்க, வீட்டு எர்த்தோடவும் சேத்துருங்க.