அட்டையின் நிறமும் லயத்துக் கூரையும்

கேள்வி: கேரளத்தின் வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வசிக்கிறோம். தமிழ்நாட்டின் கம்பத்திலுள்ள என் தங்கைக்கு ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. எங்களிடம், குடும்பம் எந்தப் பிரிவு என்பதைக் காட்டும் ரேஷன் அட்டையின் நிறத்தைக் கேட்கிறார்கள். வீட்டுத் திட்டத்திலும் எங்கள் பெயர் வருவதில்லை. இரு மாநில அரசியல்வாதிகளின் பார்வையில் என்ன வேறுபாடு?
- ஒரு வாசகி

பதில்: அரிசியைப் பொறுத்தவரை, மத்திய அரசு 1997-இல் குடும்பங்களை வறுமைக்கோட்டின் கீழ், மேல் என்று பிரித்தபோது, அதுவரை ஏறத்தாழ எல்லாருக்கும் ரேஷன் வழங்கிவந்த கேரளம் அதற்கு இணங்க நேர்ந்தது, தமிழ்நாட்டிலோ ஆட்சிகள் மாறியும் எல்லாருக்குமான பொது விநியோகம் நீடித்தது, 2011-இல் ஜெயலலிதா அரசு அரிசியை விலையில்லாமலும் ஆக்கியது. ரூபாய்க்கு மூன்று படி என்று 1967 தேர்தலில் அண்ணா பேசிய மண்ணில், அரிசியில் கைவைக்க எந்தக் கட்சியும் துணியாது என்பது என் கணிப்பு.

கேரளத் தலைவர்கள் ஏழையைத் தேடிக் கண்டறிவதையே நம்புகிறார்கள். அவ்வாறு 64,006 குடும்பங்களைக் கண்டறிந்து, அதிதீவிர வறுமை நீங்கியதாக 2025 நவம்பர் 1 அன்று முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். காங்கிரஸ் அணி அதை ஏற்கவில்லை.

வீடுதான் சிக்கல். கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டம் 4 லட்சம் ரூபாயும், தமிழ்நாட்டின் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 3.5 லட்சமும் தருகின்றன. ஆனால் வீடு கட்டச் சொந்த நிலம் வேண்டும். லயமோ கம்பெனியின் சொத்து. தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னதைக் காட்டியே (கூரை ஒழுகுவது வேறு கதை) அரசியல்வாதிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். லைஃபில் நிலமற்றோருக்குத் தனிப் பிரிவு உண்டு; கிராமப் பஞ்சாயத்தில் கேளுங்கள். ஏழைக் குடும்பங்களுக்கான முன்னுரிமை ரேஷன் அட்டைக்கு அரசு விண்ணப்பங்களை ஏற்கும்போது, அட்சயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையத்தில்) பதிவு செய்யுங்கள்.