'நார்மல்' எல்லா இடத்திலும் 'இயல்பு' ஆகாது

இயற்பியல் பாடத்தில் வரும் 'நார்மல் ஃபோர்ஸ்' (ஒரு பரப்பு தன்மேல் இருக்கும் பொருளைத் தள்ளும் விசை) என்பதை 'இயல்பான விசை' என்று எழுதினேன், திருத்துபவர் அடித்துவிட்டார், ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அவர் அடித்தது சரிதான். மூலச் சொல்லான 'நோர்மா' லத்தீனில் தச்சரின் மூலைமட்டம், அதாவது செங்கோணம் பார்க்கும் கருவி. அதிலிருந்து வந்த முதல் பொருள் செங்கோணம். 'வழக்கமானது' என்பது பிறகு ஒட்டிக்கொண்டது. கணிதமும் இயற்பியலும் பழைய பொருளையே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஆனால் வெறுமனே 'செங்குத்து விசை' என்று போட்டாலும் சிக்கல், நேர் மேலே போகும் விசை என்று படித்துவிடுவார்கள். சாய்தளத்தில் வைத்த பெட்டியை நினைத்துப் பாருங்கள்: விசை நேர் மேலே போகாது, சாய்ந்த பரப்புக்குச் செங்கோணமாகப் போகும். முதல் முறை 'பரப்புக்குச் செங்குத்தான விசை' என்று விரித்து எழுதிவிடுங்கள். பிறகு சுருக்கலாம்.

எல்லாத் துறைக்கும் ஒரே சொல் கிடைக்குமா என்றால், கிடைக்காது. புள்ளியியலில் 'நார்மல் டிஸ்ட்ரிப்யூஷன்' என்பதற்கு 'இயல்நிலைப் பரவல்' நிலைத்துவிட்டது. மருத்துவமும் வேதியியலும்தான் வம்பு. மருத்துவமனையில் ஏற்றும் உப்பு நீரான 'நார்மல் சலைன்' என்பது லிட்டருக்கு 9 கிராம் உப்பு. வேதியியலாருக்கு 'நார்மல்' ஒரு செறிவு அலகு; அவர்கள் 'ஒரு நார்மல்' உப்புக் கரைசல் என்றால் லிட்டருக்குச் சுமார் 58.5 கிராம், ஆறு மடங்குக்கும் மேல்! (நான் இதில் ஒருமுறை நன்றாகவே குழம்பியிருக்கிறேன்.) இந்த இரண்டையும் தமிழாக்க முயலாமல் 'நார்மல்' என்றே விட்டுவிடுவேன்.

பழைய நூல்களில் 'நார்மல் ஸ்கூல்' வந்தால் அது ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. 'சாதாரணப் பள்ளி' என்று எழுதிவிடாதீர்கள்.