பழைய புல்லட்டில் மிக்குனி கார்புரேட்டர்: ஜெட்டைத் தொடும் முன் அடாப்டரைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. 1962 புல்லட் 350-இல் தேய்ந்துபோன அமால் மோனோபிளாக் கார்புரேட்டரைக் கழற்றி மிக்குனி விஎம்24 கார்புரேட்டரை மாட்டிய பிறகு, வண்டி சூடானதும் ஐடிலிங் இறங்காமல் நிற்கிறது, ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் வெடிக்கிறது, பிளக் வெள்ளையாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவை முடிவுசெய்யும் சிறு துளைத் திருகு) வாங்க வேண்டாம். எனக்கு இது இணைப்பு இடுக்கு வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிற கோளாறாகத்தான் தெரிகிறது.

என் வண்டியிலும் இதே கதைதான். கார்புரேட்டரை இன்ஜின் ஹெட்டோடு இணைக்கும் அடாப்டரில், நட்டை இறுக்க இறுக்க, நட்டு உட்காரும் இரண்டு காதுகளும் ஹெட் பக்கம் வளைந்துவிட்டன. கழற்றிக் கண்ணாடி மேல் கவிழ்த்து டார்ச் அடித்தேன். நடுவில் கீற்றாக வெளிச்சம் வந்தது. கண்ணாடியில் 400 நம்பர் எமரி தாளை விரித்து, அந்தக் கீற்று மறையும் வரை பொறுமையாகத் தேய்த்தேன். அப்புறம் புது கேஸ்கட் போட்டு, இரு நட்டையும் மாற்றி மாற்றி அளவாக இறுக்கினேன். ரப்பர் இணைப்பில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஹேண்டில்பாரை இருபக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஐடிலிங் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள்தான் இழுக்கிறது.

இதெல்லாம் சரியென்றால் ஏர் ஸ்க்ரூவை (ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் திருகு) ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குங்கள். மிக்குனி விஎம்மில் அதை உள்ளே திருகினால் கலவையில் பெட்ரோல் கூடும். இன்னொன்று, காலையில் சோக் போட்டுக் கிக் அடிக்கும்போது ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். திறந்தால் அந்தச் சோக் வேலை செய்யாது.