ஸ்பெயினில் தாப்பாஸ் உணவகத்தில் எவ்வளவு, எப்படிக் கேட்பது?

ஸ்பெயினுக்கு முதன்முறை செல்பவர், சிறு தட்டுகளில் பண்டங்கள் (தாப்பாஸ்; ஒருமையில் தாபா) பரிமாறும் உணவகத்தில் எத்தனை தட்டு கேட்க வேண்டும், சைவ உணவு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல உணவகங்களில் ஒரே பண்டம் தாபா, மெதியா ரசியோன், ரசியோன் என மூன்று அளவுகளில் கிடைக்கும். தாபா சில வாய் உணவு, மெதியா ரசியோன் அரைத் தட்டு, ரசியோன் சிலர் பகிர்ந்து உண்ணும் முழுத் தட்டு. இருவர் சென்றால் முதலில் மூன்று தாபா கேட்டு, பசியைப் பொறுத்து மேலும் கேட்பதே நல்லது. உள்ளூர்க்காரர்கள் பலர் ஒரே கடையில் வயிற்றை நிரப்பாமல், அந்தக் கடையில் பெயர்பெற்றதை மட்டும் உண்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்வார்கள்.

ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். கிரனாடாவில் பானம் வாங்கினாலே ஒரு தாபா இலவசமாக வரும் (தேர்வு பெரும்பாலும் கடைக்காரருடையது!). வடக்கே சான் செபஸ்தியானில், ரொட்டித் துண்டின் மேல் குச்சி குத்திய பின்ச்சோக்கள் கடையின் பரிமாறும் மேடையில் அடுக்கப்பட்டிருக்கும்.

இரவு உணவு 9 மணியளவில்தான் சூடுபிடிக்கும். மாலை 6 மணிக்குச் சென்றால் பல இடங்களில் சமையலறை மூடியிருக்கும்.

சைவ உணவு உண்பவர்கள் பாத்ரோன் என்ற சிறு பச்சை மிளகாயின் வறுவல், காரச் சாறு ஊற்றிய உருளைக்கிழங்கான பத்தாத்தாஸ் பிராவாஸ், செவில்யா நகரின் கொண்டைக்கடலை சேர்த்த பசலைக்கீரை ஆகியவற்றைத் தேடலாம். ஆனால் குளிர்ந்த தக்காளிக் குழம்பான சல்மொரேஹோவின் மேல் பன்றி இறைச்சித் துண்டுகளையும் முட்டையையும் தூவுவது வழக்கம் என்பதால், முன்கூட்டியே அவை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.