செல், ஜீன், பரிணாமம்: மூணையும் தனித்தனியா ரிவிஷன் பண்ணாதம்மா

கேள்வி: "சார், நான் பிளஸ் டூ பயாலஜி குரூப். தேர்வுக்கு இன்னும் 25 நாள்தான் இருக்கு. செல் பயாலஜி, ஜெனிடிக்ஸ், பரிணாமம் மூணையும் நாலு தடவ படிச்சிட்டேன். படிக்கும்போது எல்லாம் புரியுது, ஆனா மாதிரி வினாத்தாள் எடுத்தா மியாசிஸ் கேள்வியும் ஜெனிடிக்ஸ் கணக்கும் தப்பாயிடுது. பரிணாமத்துல பேரும் வருஷமும் மட்டும்தான் மனசுல நிக்குது. எப்படி ரிவிஷன் பண்றது?"

நாலு தடவ படிச்சும் வரலன்னா அஞ்சாவது தடவ படிக்காதம்மா, அதுதான் முதல்ல சொல்லணும். புத்தகம் திறந்திருக்கும்போது புரியுற மாதிரி இருக்குறது ஒண்ணு, மூடி வச்சதுக்கப்புறம் நாமளா எடுத்து எழுத வர்றது வேற ஒண்ணு, பரீட்சையில கேக்குறது ரெண்டாவது. 2006-ல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்கள வச்சு இதையே சோதிச்சுப் பாத்தாங்க. ஒரு குரூப் பாடத்த திரும்பத் திரும்ப வாசிச்சுது, இன்னொரு குரூப் ஒரு தடவ வாசிச்சுட்டு பாக்காம எழுதி எழுதிப் பாத்துது. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ வாசிச்சவங்கதான் நல்லா சொன்னாங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டப்போ எழுதிப் பாத்தவங்க முன்னாடி போயிட்டாங்க. உனக்கு 25 நாள் இருக்கு, அதனால நீ எந்தப் பக்கம் போகணும்னு தெரிஞ்சிருக்கும். புத்தகத்த மூடு, வெள்ளப் பேப்பர் எடு, தெரிஞ்சத எழுது, எங்க கை நிக்குதோ அந்த இடத்த மட்டும் திறந்து பாரு.

இன்னொரு சிக்கல் நம்ம புத்தகத்துலயே இருக்கு. செல்லும் செல் பிரிதலும் பதினொண்ணாவதுல தாவரவியல்ல வந்து முடிஞ்சு போச்சு, பன்னெண்டாவதுல ஜெனிடிக்ஸ் பாதி தாவரவியல்ல பாதி விலங்கியல்ல, பரிணாமம் விலங்கியல்ல. டீச்சரும் வேற வேற, நோட்டும் வேற வேற. ஆனா இது மூணும் ஒரே விஷயம்மா. செல்லுக்குள்ள குரோமோசோம் நகருது, அந்த நகர்வுதான் மெண்டல் சொன்ன பாரம்பரிய விதி, அந்த விதிப்படி அல்லீல் (ஒரே ஜீனோட மாற்று வடிவம்) ஒரு கூட்டத்துல கூடுறதும் குறையுறதும்தான் பரிணாமம். இந்தக் கோர்வ பிடிபடாம தனித்தனியா மனப்பாடம் பண்ணா, மியாசிஸ் தப்பு ஜெனிடிக்ஸுக்கும் போகும், அங்கேர்ந்து பரிணாமத்துக்கும் போகும். அதனால மியாசிஸ்ல இருந்து ஆரம்பி, குரோமோசோம் எண்ணிக்கைய பாதியாக்கி இனச்செல் உருவாக்குற செல் பிரிதல் அது.

தையல் சாமான் விக்கிற கடையில பிரஸ் பட்டன் ஒரு அட்ட வாங்கு, ரெண்டு பாதியா இருக்கும், அமுக்குனா ஒட்டும் இழுத்தா பிரியும், அந்த பட்டன். சிவப்பு நூலும் நீல நூலும் எடுத்துக்கோ. சிவப்பு அம்மாகிட்ட இருந்து வந்த குரோமோசோம், நீலம் அப்பாகிட்ட இருந்து வந்தது. 2என் = 4-ன்னு வச்சுக்கோ, அதாவது ஒரு செல்லுல ரெண்டு ஜோடியா மொத்தம் நாலு குரோமோசோம்: சிவப்புல ஒரு நீள நூல் ஒரு குட்ட நூல், நீலத்துலயும் அதே மாதிரி. ஒவ்வொரு நூலுலயும் ஒரு பாதி பட்டன கட்டு. இதுதான் ஜி1 நிலை, டிஎன்ஏ நகலாகுறதுக்கு முன்னாடி, நாலு குரோமோசோம், நாலு நூல். இப்போ டிஎன்ஏ நகலாகுற எஸ் நிலை வருது, ஒவ்வொரு நூலுக்கும் அதே நிறத்துல அதே நீளத்துல இன்னொரு நூல் செஞ்சு, அதுல மறுபாதி பட்டன கட்டி, ரெண்டையும் அமுக்கி ஒட்டிடு. இப்போ எண்ணு. நூல் எட்டு, ஆனா ஒட்டின பட்டன் நாலுதான். இங்கதான் பாதிப் பேர் கோட்ட விடுறாங்க. டிஎன்ஏ ரெட்டிப்பாச்சுன்னா குரோமோசோமும் ரெட்டிப்பாகும்னு நெனச்சுக்குறாங்க, ஆகாது. பட்டன எண்ணுனா குரோமோசோம் எண்ணிக்க, நூல எண்ணுனா டிஎன்ஏ அளவு, அவ்ளோதான் விதி. பட்டன் ஒட்டியிருந்தா ஒண்ணு, பிரிஞ்சிட்டா ரெண்டு.

அடுத்து நீள சிவப்பையும் நீள நீலத்தையும் பக்கத்துல பக்கத்துல வை, குட்டைய குட்டைக்கிட்ட வை. இது ஒத்திசைவு குரோமோசோம்கள் ஜோடி சேர்றது. பாக்கிடீன்ங்கற கட்டத்துல சிவப்பு நூலோட நுனியும் நீல நூலோட நுனியும் மாறிக்கும், கத்திரிக்கோலால வெட்டி மாத்தி முடிச்சுப் போட்டே பாரு, குறுக்கெதிர் மாற்றம் அதுக்கப்புறம் மறக்கவே மறக்காது. முதல் அனாஃபேஸ்ல, அதாவது ரெண்டு பக்கமும் இழுபடுற கட்டத்துல, பட்டன் பிரியாது, ஜோடிதான் பிரியும். ஒவ்வொரு பக்கமும் ரெண்டு பட்டன், நாலு நூல். ரெண்டாவது அனாஃபேஸ்லதான் பட்டன் டக்குனு பிரியும், கடைசியா ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு குரோமோசோம், ரெண்டு நூல். எண்ணிக்க பாதியாகுறது முதல் மியாசிஸ்ல, பட்டன் பிரியுறது ரெண்டாவதுல, இந்த ஒரு வரிய கையால செஞ்சு பாத்தவங்க தப்பா எழுதி நான் பாத்ததில்ல. இந்த பட்டன் கணக்கையே வெங்காய வேர் நுனிக்கு போட்டுப் பாரு, அங்க நடக்குறது மைட்டாசிஸ், எண்ணிக்க மாறாத சாதாரண செல் பிரிதல், லேபில நசுக்கி ஸ்லைடு போட்டிருப்பியே அதேதான். 2என் = 16. எஸ் நிலைக்கு அப்புறமும் 16-தான், மைட்டாசிஸ் அனாஃபேஸ்ல கொஞ்ச நேரம் 32, பிரிஞ்சு முடிஞ்சதும் ஒவ்வொண்ணுலயும் 16.

இப்போ அந்த நூலையே கலைக்காம மெண்டலுக்கு வா. நீள சிவப்புல பெரிய ஆர்-னு (உருண்ட விதை அல்லீல்) ஒரு ஸ்டிக்கர் ஒட்டு, நீள நீலத்துல சின்ன ஆர் (சுருங்குன விதை). குட்ட சிவப்புல பெரிய ஒய் (மஞ்ச விதை), குட்ட நீலத்துல சின்ன ஒய் (பச்ச விதை). மெட்டாஃபேஸ்ல வரிசையா நிக்கும்போது ரெண்டு சிவப்பும் ஒரே பக்கம் நிக்கலாம், இல்ல ஒரு சிவப்பு இந்தப் பக்கம் ஒரு சிவப்பு அந்தப் பக்கம்னும் நிக்கலாம். ரெண்டு விதமாவும் வச்சுப் பிரிச்சுப் பாத்தா நாலு வகை கேமீட் (இனச்செல்) உன் கையிலயே வந்துடும், அதுதான் சார்பின்றி ஒதுங்குதல் விதி, ரெண்டு பண்பு கலப்புல வர்ற 9:3:3:1 விகிதம் அங்கேர்ந்துதான் பொறக்குது. மெண்டல் 1866-ல கட்டுரை வெளியிட்டப்போ குரோமோசோம் இப்படி நகரும்னு யாருக்கும் தெரியாது, பட்டாணிய எண்ணி எண்ணியே இத கண்டுபிடிச்சாரு, உருண்ட விதை 5,474, சுருங்குன விதை 1,850, வகுத்துப் பாரு 2.96 வரும், கிட்டத்தட்ட 3:1. அவர் சொன்னது குரோமோசோம் நடத்தையோட அப்படியே ஒத்துப்போகுதுன்னு சட்டனும் பொவேரியும் காட்டுனது 1902, 1903 வாக்குல. அத நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னிக்கும் மெய் சிலிர்க்கும். நம்ம உடம்புல 23 ஜோடி, அதனால குறுக்கெதிர் மாற்றத்த விட்டுட்டா கூட ஒருத்தர்கிட்ட இருந்து 83,88,608 விதமான கேமீட் வர முடியும்.

கணக்குல ஒரு டிப். ரெண்டு பண்புக்கு மேல போனா புன்னட் கட்டம் (கேமீட்டுகள எழுதி சேத்துப் பாக்குற கட்டம்) போடாத, ஒவ்வொரு பண்பையும் தனியா பாத்து பெருக்கு. மூணு பண்புலயும் ஹெட்டிரோசைகஸா (ரெண்டு அல்லீலும் வேற வேறயா) இருக்குற ரெண்டு செடிய கலந்தா, மூணுமே ஒடுங்கு பண்பா (ரெண்டு அல்லீலும் அதே மாதிரி இருந்தாதான் வெளிய தெரியுற பண்பா) வர வாய்ப்பு நாலுல ஒண்ணு, நாலுல ஒண்ணு, நாலுல ஒண்ணு, பெருக்குனா 64-ல ஒண்ணு. 64 கட்டம் போட உக்காந்தா நேரம் போயிடும். ஆனா ரெண்டு ஜீனும் ஒரே குரோமோசோம்ல பக்கத்துல இருந்தா இந்தப் பெருக்கல் செல்லாது, அது பிணைப்பு, ஒரே நூல்ல ஒட்டுன ரெண்டு ஸ்டிக்கர் சேந்துதானே போகும். வம்சாவளி படம் வந்தா முதல்ல நோய் இருக்குற பொண்ணத் தேடு, அவளோட அப்பாவுக்கு அந்த நோய் இல்லன்னா அது எக்ஸ் குரோமோசோம் சார்ந்த ஒடுங்கு பண்பு கிடையாது, ஒரே பார்வையில ஒரு ஆப்ஷன அடிச்சிடலாம்.

இப்போ மூணு பாடத்தையும் ஒண்ணா கட்டுற உதாரணத்துக்கு வருவோம், கதிர் அரிவாள் ரத்த சோகை (சிக்கிள் செல் அனீமியா). இத ஒண்ண மட்டும் முழுசா எழுதத் தெரிஞ்சிருந்தா மூணு பாடத்துலயும் மார்க் எடுக்கலாம். 11-வது குரோமோசோம்ல ஹீமோகுளோபினோட ஒரு பகுதிய செய்யுற பீட்டா குளோபின் ஜீன், அதுல ஒரே ஒரு எழுத்து மாறுது, ஜி-ஏ-ஜி இருந்த இடத்துல ஜி-டி-ஜி. அதனால 146 அமினோ அமிலத்துல ஆறாவது இடத்துல குளுட்டாமிக் அமிலத்துக்கு பதிலா வேலின் வந்து உக்காருது. வேலினுக்கு தண்ணி ஆகாது, அதனால ஆக்ஸிஜன் குறையுற இடத்துல ஹீமோகுளோபின் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீளமா கம்பி மாதிரி ஆகி, ரத்த சிவப்பணுவையே அரிவாள் மாதிரி வளைச்சிடுது. சாதாரணமா 120 நாள் இருக்க வேண்டிய சிவப்பணு சீக்கிரமே உடைஞ்சு போகுது, அதான் சோகை, குட்டி ரத்தக்குழாய்ல போய் அடைக்குது, அதான் வலி. இது வரைக்கும் செல் பயாலஜியும் மூலக்கூறு ஜெனிடிக்ஸும். இங்க ஒரு கேள்வி நீயே கேட்டுக்கோ, முதிர்ந்த சிவப்பணுல உட்கருவே இல்லையே அப்போ ஜீன் எங்க இருக்கு? எலும்பு மஜ்ஜையில சிவப்பணு உருவாகும்போது உட்கரு இருக்கு, ஹீமோகுளோபின் செய்யுற வேல அப்பவே நடந்துடுது. இப்படி ஒரு பாடத்துல இருந்து இன்னொரு பாடத்துக்கு கேள்வி போட்டுக்குறதுதான் ரிவிஷன்.

ஒரு அல்லீல் மட்டும் மாறியிருந்தா அவங்க தாங்கி, அதாவது நோய் இல்லாம அந்த அல்லீல சுமக்குறவங்க. நோய்னு பாத்தா இது ஒடுங்கு, ஆனா ரத்தத்த எலக்ட்ரோஃபோரிசிஸ் (மின்சாரத்த வச்சு புரதங்கள பிரிக்கிற சோதன) பண்ணா ரெண்டு வகை ஹீமோகுளோபினும் தெரியும், புரத அளவுல பாத்தா இணை ஓங்கு (ரெண்டு அல்லீலும் சேந்து தெரியுறது). எந்த அளவுல பாக்குறோம்ங்கறதப் பொறுத்து பதில் மாறும், கேள்விய நிதானமா வாசி.

பரிணாமம் எங்க வருதுன்னா, இவ்ளோ கெடுதல் பண்ற அல்லீல் ஏன் அழிஞ்சு போகல? 1954-ல ஆலிசன்ங்கற ஆராய்ச்சியாளர் கிழக்கு ஆப்பிரிக்காவுல பாத்து சொன்னது என்னன்னா, தாங்கிகளுக்கு கடுமையான மலேரியாவுல இருந்து பாதுகாப்பு இருக்கு. சாதாரண அல்லீல் ரெண்டும் இருக்குறவங்கள மலேரியா வாட்டுது, மாறுன அல்லீல் ரெண்டும் இருக்குறவங்கள சோகை வாட்டுது, நடுவுல இருக்குறவங்க பிழைக்கிறாங்க, அதனால ரெண்டு அல்லீலும் நிலைச்சு நிக்குது. இது எங்கயோ ஆப்பிரிக்காவோட முடிஞ்ச கதையும் இல்ல. 1952-ல லேமன், கட்புஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட இந்த அல்லீல் இருக்கறத பதிவு பண்ணாங்க. நீ பரீட்சைக்குப் படிக்கிற இதே வரி இன்னிக்கும் ஊட்டி, கூடலூர் பக்கம் ஒரு குடும்பத்தோட வலி, அத மனசுல வச்சு படி.

இதுலயே, ஒரு கூட்டத்துல எந்த அல்லீல் எவ்ளோ இருக்குன்னு கணக்கு போடுற ஹார்டி–வெய்ன்பெர்க் விதியையும் முடிச்சிடலாம். புரியுறதுக்காக ஒரு கணக்கு, 10,000 குழந்தைங்க பொறந்ததுல 100 பேருக்கு நோய்னு வச்சுக்கோ. 100-அ 10,000-ஆல வகுத்தா 0.01, இது க்யூ (நோய் அல்லீலோட பங்கு) இல்ல, க்யூ ஸ்கொயர், இங்கதான் அவசரத்துல மார்க் போகும். வர்க்கமூலம் எடுத்தா க்யூ 0.1, அப்போ பி (சாதாரண அல்லீலோட பங்கு) 0.9, தாங்கிகள் 2 பெருக்கல் 0.9 பெருக்கல் 0.1, அதாவது 0.18, 1,800 பேர். சரியான்னு அல்லீல எண்ணியே பாரு. நோயாளி 100 பேர்கிட்ட 200 அல்லீல், தாங்கி 1,800 பேர்கிட்ட ஆளுக்கு ஒண்ணா 1,800, மொத்தம் 2,000. எல்லாருக்கும் சேத்து 20,000 அல்லீல், வகுத்தா 0.1, சரியா வந்துடுச்சா? இன்னொண்ணும் தெரியுது பாரு, அந்த 2,000-ல 1,800 தாங்கிகள்கிட்ட வெளிய தெரியாம இருக்கு. ஒடுங்கு அல்லீல் ஏன் லேசுல ஒழியாதுன்னு இதுக்கு மேல விளக்கமே வேணாம்.

பரிணாமத்துல பேர் வருஷத்த விட இந்த தப்ப சரி பண்றது முக்கியம்: "ஆன்டிபயாடிக் குடுத்ததால பாக்டீரியா பழகிக்கிட்டு மாறிடுச்சு"ன்னு எழுதுறது. அப்படி இல்ல. 1952-ல லெடர்பர்க் தம்பதி வெல்வெட் துணிய வச்சு ஒரு தட்டுல வளந்த பாக்டீரியா கூட்டத்த அதே இடம் மாறாம மருந்து இருக்குற தட்டுகள்ல ஒத்தி எடுத்தாங்க. எல்லா தட்டுலயும் அதே இடத்துலதான் பிழைச்சுது, அப்புறம் மருந்தே படாத மூலத் தட்டுல அந்த இடத்துல இருந்து எடுத்துப் பாத்தா அங்கயும் எதிர்ப்பு இருந்துது. திடீர்மாற்றம் முன்னாடியே இருந்துது, மருந்து அத தேர்ந்தெடுத்துச்சு. "மாறுச்சு"ன்னு எழுத வந்தா பேனாவ நிறுத்தி "ஏற்கனவே இருந்தது மிஞ்சுச்சு"ன்னு எழுது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு பாக்டீரியா மாதிரியே தனி வட்ட டிஎன்ஏ, 70எஸ் ரைபோசோம்னு ஒரு பக்கம் எழுதி வச்சுக்கோ, அது ஒரு காலத்துல செல்லுக்குள்ள புகுந்த தனி பாக்டீரியான்னு சொல்ற அகக்கூட்டுயிர் கொள்கை அதுலயே வந்துடும்.

25 நாள எப்படி பிரிக்கிறதுன்னா, முதல் 8 நாள் முழுக்க செல் பிரிதலும் மெண்டலும், அதுதான் உனக்கு ஆட்டம் காணுது, அவசரப்படாத. அடுத்த 8 நாள் மூலக்கூறு ஜெனிடிக்ஸும் வம்சாவளியும், 5 நாள் பரிணாமம், மிச்சம் 4 நாள் வினாத்தாள் மட்டும். புதுசா எந்த கைடும் வாங்காத. தினமும் காலையில மூணு நாளைக்கு முன்னாடி படிச்சதுல இருந்து ஒரு பக்கம் பாக்காம எழுதிட்டு அப்புறம்தான் அன்னிக்கு பாடம். தப்பான கேள்விக்குப் பக்கத்துல சரியான விடைய எழுதாம, ஏன் தப்பாச்சுன்னு ஒரு வரி எழுது, "பட்டனுக்கு பதிலா நூல எண்ணிட்டேன்" அந்த மாதிரி. பத்து நாள்ல பாத்தா ஒரே தப்புதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

நாளைக்கே பட்டன் வாங்கிடு. 2என் = 4 சரியா வந்ததும் இன்னொரு ஜோடி நூல் சேத்து 2என் = 6 போட்டு, எத்தன வகை கேமீட் வருதுன்னு ஃபார்முலா போடாம நூல நகத்தியே எண்ணு. எட்டு வரணும், வரலன்னா மெட்டாஃபேஸ்ல எங்கயோ ஒரு ஜோடிய திருப்பி வைக்காம விட்டிருப்ப, அத மட்டும் சரி பண்ணிட்டு திரும்ப எண்ணு.